தர்கா குளத்துக் கருநிற ஆமைகள்

வங்க தேசத்தின் துறைமுக நகரமான சிட்டகாங்கில், குன்றொன்றின் மீது மகான் பாயஸீது பிஸ்தாமி (ரஹ்) அவர்களின் பெயரால் ஒரு தர்கா அமைந்துள்ளது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெரியார் அடங்கியிருப்பது ஈரானிலுள்ள பிஸ்தாம் நகரில்; இங்கிருப்பது அவர்களின் நினைவிடமே. ஜியாரத்துக்கு வருவோரை மட்டுமன்றி, உயிரியல் அறிஞர்களையும் இவ்விடம் ஈர்த்து வருகிறது. அடிவாரக் குளத்தில் வாழும் கருநிற ஆமைகளே அதற்குக் காரணம்.

மகானின் சினத்துக்கு ஆளான தீய ஜின்களே ஆமைகளாயின என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் கதை. கதை எவ்வாறாயினும், அதன் பயன் கண்கூடு. அவ்வாமைகளை எவரும் கொல்வதில்லை; உண்பதுமில்லை. வருவோர் ரொட்டியும் வாழைப்பழமும் இறைச்சித் துண்டும் கொடுக்க, அவை அஞ்சாமல் படியருகே வந்து உண்கின்றன.

இவை மென்னோட்டு ஆமைகள். கடினமான செதில்களுக்குப் பதிலாகத் தோல் போர்த்த தட்டையான ஓடு உடையவை. சேற்றில் புதைந்தவாறே நீண்ட கழுத்தை நீட்டி, குழாய் போன்ற மூக்கு நுனியை மட்டும் நீருக்கு மேல் உயர்த்திச் சுவாசிக்கும்.

1875-ஆம் ஆண்டு ஜான் ஆண்டர்சன் என்னும் விலங்கியலார் இவ்வினத்தை உலகுக்கு அறிவித்தார். இக்குளத்தையன்றி வேறெங்கும் இவை இல்லையென்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2002-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், 'இயற்கைச் சூழலில் அற்றுப்போன இனம்' என இதனைப் பட்டியலிட்டது. பின்னர், 2007-இல் வெளியான மரபணு ஆய்வு, பிரம்மபுத்திரா நதிப் பகுதியிலும் இவை வாழ்வதை மெய்ப்பித்தது. அஸ்ஸாமின் கோயில் குளங்களிலும் இவை காணப்படுகின்றன. அங்கும் மக்களின் மதிப்பே இவற்றுக்கு அரணாயிற்று. ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. 2021 முதல் 'மிக அருகிவிட்ட இனம்' என்னும் வரிசையில் இவை வைக்கப்பட்டுள்ளன.

உணவளிப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. ஆமை நீரில் வாழ்ந்தாலும், முட்டையிடுவது கரை மண்ணில்தான். கரை முழுவதையும் சிமெண்டினால் மூடிவிட்டால் அதன் சந்ததி எங்கே தோன்றும்? உண்டது போக எஞ்சும் ரொட்டி அழுகினால் நீரும் கெடும். எனவே, ஆமைக்குத் தருமம் செய்ய விரும்புவோர் தூய நீரையும் ஒரு துண்டு மண்கரையையும் விட்டுவைக்க வேண்டும். வல்ல இறைவன் படைத்த இச்சிற்றுயிரும் நம்மிடம் உள்ள ஓர் அமானிதமன்றோ!