தாடி வளர்த்த தொடர்: ஸ்டார் ட்ரெக் – த நெக்ஸ்ட் ஜெனரேஷன்

'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்பது அமெரிக்காவில் 1987 செப்டம்பர் முதல் 1994 மே வரை ஏழு பருவங்களாக ஒளிபரப்பான அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர். மொத்தம் 178 பகுதிகள் கொண்டது. இருபத்துநான்காம் நூற்றாண்டில் எண்டர்பிரைஸ் என்னும் விண்கலத்தில் பயணம் செய்யும் குழுவினரின் கதை இது. கேப்டன் பிக்கார்டாக பேட்ரிக் ஸ்டூவர்ட்டும், முதல் அதிகாரி ரைக்கராக ஜோனதன் ஃப்ரேக்ஸும், டேட்டா என்ற செயற்கை மனிதனாக பிரென்ட் ஸ்பைனரும் நடித்தனர். அறிவியல் புனைவுத் தொடர்களில் சிறந்தவற்றுள் ஒன்றாக இது இன்று பேசப்படுகிறது. ஆனால் முதல் பருவத்தை மட்டும் பார்த்தவர் அந்தப் பாராட்டை நம்பமாட்டார். பலர் நான்கைந்து பகுதிகளோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் குறைகளும் பொய்யல்ல.

பெயர்க் காரணம்

முதல் பருவத்தில் ரைக்கர் மழித்த முகத்துடன் வருவார். இரண்டாம் பருவத்தில் தாடியுடன் வந்தார். தொடரும் ஏறத்தாழ அப்போதிருந்துதான் தேறத் தொடங்கியது. அதனால் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு தொடர் சிறப்படையத் தொடங்குவதை 'தாடி வளர்த்தல்' என்று ஆங்கிலத்தில் சொல்லும் வழக்கம் ரசிகர்களிடையே உருவானது. இதற்கு எதிர்ச்சொல் 'சுறாவைத் தாண்டுதல்'. 'ஹேப்பி டேஸ்' என்ற நகைச்சுவைத் தொடரில் 1977-இல் நாயகன் நீர்ச்சறுக்குப் பலகையில் ஒரு சுறாவைத் தாண்டிய காட்சியிலிருந்து வந்தது அது. நல்ல தொடர் சரியத் தொடங்கும் இடத்தைக் குறிக்கும். தாடியால் தொடர் தேறவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தேறியதற்கான காரணங்கள் எழுத்தாளர் அறையில் இருந்தன.

முதல் பருவத்தின் குறைகள்

முந்தைய 'ஸ்டார் ட்ரெக்' தொடரை (1966–1969) உருவாக்கிய ஜீன் ரோடன்பெரியே இதையும் உருவாக்கினார். எதிர்கால மனிதர்கள் பொறாமை, பேராசை, சிறு சண்டைகளைக் கடந்தவர்கள், ஆகவே கலத்தின் குழுவினருக்குள் மோதல் இருக்கக் கூடாது என்பது அவருடைய விதி. கொள்கையாக இது அழகானது. ஆனால் கதை எழுதுபவருக்கு இது பெரிய தலைவலி. முரண் இல்லாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் விளக்கவுரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். முதல் பருவத்தில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

தொடக்க விழாப் பகுதிக்கு அடுத்ததாக வந்த 'த நேக்கட் நவ்', பழைய தொடரின் கதை ஒன்றையே திரும்பச் சொன்னது. 'கோட் ஆஃப் ஹானர்' என்ற பகுதியில் ஒரு கோளின் மக்கள் அனைவரும் கறுப்பினத்தவர். பெண்ணைக் கடத்திச் செல்லும் பழங்குடியாக அவர்கள் காட்டப்பட்டனர். அதைத் தொடரில் நடித்தவர்களே பின்னாளில் கண்டித்தனர். புதிய பெரும் பகைவராக அறிமுகமான ஃபெரங்கி இனத்தவர் அச்சமூட்டுவதற்குப் பதிலாகச் சிரிப்பூட்டினர். வெஸ்லி என்ற சிறுவன் அடிக்கடி கலத்தைக் காப்பாற்றியது பார்வையாளருக்கு எரிச்சலூட்டியது. எழுத்தாளர்கள் வருவதும் போவதுமாக இருந்தனர். பாதுகாப்பு அதிகாரி டாஷா யாராக நடித்த டெனிஸ் கிராஸ்பி, தன் பாத்திரத்துக்கு வேலையில்லை என்று விலகினார். ஒரு கருநிறச் சேறு போன்ற உயிரி காரணமின்றி அவளைக் கொல்வதாகக் கதை முடிக்கப்பட்டது.

முழுவதும் வீண் என்றும் சொல்ல முடியாது. இதே பருவத்தின் 'த பிக் குட்பை' பகுதி பீபடி விருது பெற்றது.

தொடர் ஏன் நிறுத்தப்படவில்லை

பழைய தொடரை என்.பி.சி. நிறுவனம் 79 பகுதிகளோடு நிறுத்திவிட்டது. புதிய தொடரைப் பாரமவுண்ட் எந்தப் பெரிய அலைவரிசைக்கும் கொடுக்காமல், ஊர் ஊராக உள்ள தனி நிலையங்களுக்கு நேரடியாக விற்றது. ஒரே அலுவலகத்தில் ஒரே அதிகாரி நிறுத்திவிடும் நிலை இல்லை. பார்வையாளர்களும் பழைய பற்றினால் விடாமல் பார்த்தனர். தேறுவதற்குத் தேவையான காலம் இப்படிக் கிடைத்தது.

இரண்டாம் பருவம்

1988-இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டாம் பருவம் 22 பகுதிகளாகக் குறைந்தது. 1970-களில் கைவிடப்பட்ட வேறொரு தொடருக்கான கதையைத் தூசு தட்டி முதல் பகுதியை எடுத்தார்கள்; கடைசிப் பகுதி பழைய காட்சிகளின் தொகுப்பு. இந்தப் பற்றாக்குறைக்கு நடுவில்தான், 1989 பிப்ரவரியில், 'த மெஷர் ஆஃப் எ மேன்' வந்தது. எழுதியவர் மெலிண்டா ஸ்நாட்கிராஸ். முன்பு வழக்கறிஞராக இருந்தவர்.

டேட்டாவைப் பிரித்துப் பார்த்து அவனைப் போலப் பலரைச் செய்ய ஓர் அறிவியலாளர் விரும்புகிறார். டேட்டா மறுக்கிறான். அவன் மறுக்க உரிமையுள்ளவனா, விண்படையின் உடைமையா என்பதே வழக்கு. நண்பன் ரைக்கரே எதிர்த்து வாதாட வேண்டிய கட்டாயம். வாதத்தின் நடுவே ரைக்கர் டேட்டாவின் முதுகிலுள்ள விசையை அழுத்துகிறார். அவன் பொம்மை போல் சரிகிறான். வழக்கில் வென்றுவிடுவோமோ என்ற அச்சம் ரைக்கரின் முகத்தில் தெரிகிறது. ஆயிரக்கணக்கான டேட்டாக்களைச் செய்து உடைமையாக வைத்திருந்தால் அதற்கு அடிமைமுறை என்றுதானே பெயர் என்று பிக்கார்ட் கேட்கிறார். விண்கலம் எதையும் சுடவில்லை; குழுவினருக்குள் பகையும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு வாதத்திலும் ஒரு நண்பனின் உயிர் இருக்கிறது. ரோடன்பெரியின் விதிக்குள்ளேயே நாடகம் எழுத முடியும் என்பதை முதலில் காட்டிய பகுதி இதுதான் எனலாம்.

மைக்கேல் பிள்ளரின் வருகை

மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் மைக்கேல் பிள்ளர் எழுத்தாளர் குழுவின் பொறுப்பேற்றார். அவர் செய்த மாற்றங்களில் இரண்டு முக்கியமானவை. ஒவ்வொரு பகுதியும் குழுவினரில் யாராவது ஒருவரைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்றார்; வாரம் ஒரு விந்தைக் கோள் என்பது போதாது. அடுத்து, முகவர் இல்லாத புதியவர்களும் திரைக்கதை அனுப்பலாம் என்று கதவைத் திறந்தார்.

அப்போது குவியலில் கிடந்த கதைகளில் ஒன்று ரொனால்ட் டி. மூர் என்ற இளைஞருடையது. படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. தாயை இழந்த சிறுவன் ஒருவனைப் பற்றிய கதை அது. அந்த நூற்றாண்டில் மரணத்தை ஏற்கக் குழந்தைகளும் பழகியிருப்பார்கள், சிறுவன் அழமாட்டான் என்று ரோடன்பெரி மறுத்தார். பிள்ளர் வாதிடவில்லை. சரி, சிறுவன் அழவில்லை. அவன் அழாமலிருப்பதே சுற்றியுள்ளவர்களைக் கவலைப்படுத்துகிறது என்று கதையைத் திருப்பினார். 'த பாண்டிங்' என்ற அந்தப் பகுதியோடு மூர் தொடருக்குள் வந்தார். பின்னாளில் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வைப் புதிதாக உருவாக்கியவரும் அவரே.

பழைய பிழைகளைத் தொடர் மறைக்காமல் பயன்படுத்திக்கொள்ளவும் தொடங்கியது. 'யெஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ்' (1990) பகுதியில் வரலாறு மாறிப்போன ஓர் உலகில் டாஷா யார் உயிரோடிருக்கிறாள். உண்மை வரலாற்றில் தான் பொருளின்றி இறந்ததை அறிந்ததும், அழியப்போகும் ஒரு கலத்தில் தானே விரும்பி ஏறுகிறாள். முதல் பருவத்தில் அவசரமாக எழுதப்பட்ட சாவைப் பார்த்திருந்தால்தான் இந்த முடிவின் கனம் தெரியும்.

அதே ஆண்டு ஜூனில் வந்த 'த பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' பகுதியில் போர்க் என்ற இயந்திர இனம் பிக்கார்டைப் பிடித்துத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. அவர் மீட்கப்பட்டபின் தொடர் அதை மறந்துவிடவில்லை. அடுத்த பகுதியான 'ஃபேமிலி'யில் பிக்கார்ட் பிரான்சிலுள்ள தன் குடும்பத் திராட்சைத் தோட்டத்துக்குச் செல்கிறார். அண்ணனோடு சேற்றில் கட்டிப்புரண்டு சண்டையிட்டு, பிறகு உடைந்து அழுகிறார். முதல் பருவத்தின் விறைப்பான கேப்டனிடம் இதை எதிர்பார்த்திருக்க முடியாது.

பின்னர்

ரோடன்பெரி 1991-இல் காலமானார். 1992-இல் வந்த 'தி இன்னர் லைட்' ஹியூகோ விருது பெற்றது. எல்லாக் குறைகளும் நீங்கிவிடவில்லை. கலத்தின் உளவியல் ஆலோசகர் டிராய்க்கு மற்ற அதிகாரிகளைப் போன்ற சீருடை வழக்கமானது ஆறாம் பருவத்தில்தான். ஏழாம் பருவத்தில் களைப்பும் தெரிகிறது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு முதல் பருவத்தை அப்படியே விட்டுவிடும்படி பலர் ஆலோசனை சொல்வதுண்டு. அது முழுக்கச் சரியன்று. முதல் பகுதி, டாஷா இறக்கும் 'ஸ்கின் ஆஃப் ஈவில்', 'த பிக் குட்பை' ஆகியவற்றையாவது பார்த்துவிட்டு 'த மெஷர் ஆஃப் எ மேன்' பகுதிக்குச் செல்வது நல்லது. இறுதிப் பகுதியான 'ஆல் குட் திங்ஸ்' தொடரின் முதல் நாளுக்கே திரும்பிச் செல்கிறது. அன்றைய எண்டர்பிரைஸில் பிக்கார்டை யாருக்கும் தெரியாது. அவரை நம்பலாமா என்று தயங்குகிறார்கள்.

'த மெஷர் ஆஃப் எ மேன்' தொடங்குவது குழுவினர் மேசையைச் சுற்றி அமர்ந்து சீட்டாடும் காட்சியோடு. அன்றிலிருந்து அந்த ஆட்டம் தொடர்ந்து நடந்தது. கேப்டன் மட்டும் போனதில்லை. இறுதிப் பகுதியின் கடைசிக் காட்சியில் பிக்கார்ட் தயங்கியபடி உள்ளே வருகிறார். இடம் தருகிறார்கள். அவர் அமர்ந்து சீட்டுகளைப் பங்கிடத் தொடங்குகிறார்.