'பிரைடல்' என்று போடுமுன்

முகூர்த்த மாதம் பிறந்தால் ஜவுளிக்கடை, நகைக்கடை, ஃபேன்ஸி ஸ்டோர் எங்கும் 'பிரைடல்' என்ற ஆங்கிலச் சொல்தான். சீர்வரிசைச் சாமான் விற்கும் நாமும் அதை நோட்டீசில் போடுகிறோம். பொருள் தெரிந்து போடுவது நல்லது.

'பிரைட்' என்றால் மணமகள். 'பிரைடல்' என்றால் மணமகளுக்குரிய, திருமணத்துக்குரிய என்று பொருள். மணப்பெண் சேலைக்கும் அலங்காரத்துக்கும் இது பொருந்தும். மாப்பிள்ளை வேட்டிக்குப் பொருந்தாது. அங்கே 'வெட்டிங்' என்ற பொதுச்சொல்லே போதும்.

இந்தச் சொல்லின் பூர்வீகம் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் இது 'பிரைட்', 'ஏல்' என்ற இரு சொற்கள் சேர்ந்த பெயர்ச்சொல். ஏல் என்பது தானியத்தை முளைகட்டிக் காய்ச்சும் ஒருவகை பீர். அதைப் பரிமாறிய கல்யாண விருந்துக்கே அந்தப் பெயர். இங்கிலாந்துக் கிராமங்களில் விருந்தினர் காசு கொடுத்து ஏல் குடிப்பதும், அந்த வரவு புதுமணத் தம்பதிக்குச் சேர்வதும் முற்காலத்தில் வழக்கமாக இருந்தது. நம் மொய்க்கு உறவுமுறை என்றே சொல்லலாம்! பிற்காலத்தில்தான் அது பெயரடையாக மாறியது.

எழுத்தில் கவனம் தேவை. கடைசி இரண்டு எழுத்து 'ஏ, எல்' என்று இருக்கவேண்டும். 'எல், இ' என்று அச்சாகிவிட்டால் உச்சரிப்பு அதேதான். பொருளோ குதிரைக்குப் போடும் கடிவாளம்! மணப்பெண் சேலை கடிவாளச் சேலையாகிவிடும்.

ஆகவே அச்சகத்தில் புரூஃப் பார்க்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். நோட்டீஸ் வீணானால் காகிதக் காசோடு போகும். வாடிக்கையாளர் சிரித்தால் கடையின் பெயர் போகும். சந்தேகம் வந்தால் 'கல்யாண' என்று தமிழிலேயே போடுவோம். அதில் பிழை வர வழியில்லை.