மயக்கம் தெளியும் குதிரைக்குத் தீனி

பல்லை அராவுவதற்கோ, காயத்தைத் தைப்பதற்கோ கால்நடை மருத்துவர் குதிரைக்கு ஊசி போடுகிறார். வேலை முடிந்து அவர் சென்ற பின்னும், தலை தொங்கி, கீழுதடு தளர்ந்து, அரைத்தூக்கத்தில் நிற்கிறது அப்பிராணி. குதிரைக்காரருக்கு மனம் பொறுப்பதில்லை. காலையிலிருந்து பட்டினியாயிற்றே என்று ஒரு கைப்பிடிப் புல்லை நீட்டுகிறார். அந்தப் புல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சைலசின், டெட்டோமிடின் முதலிய மருந்துகள் மூளையை மட்டும் மந்தப்படுத்துவதில்லை. மெல்லும் தாடை, விழுங்கும் தொண்டை, உணவைக் கீழே தள்ளும் குழல், குடல் ஆகிய யாவும் சோர்ந்துவிடுகின்றன. ஆயினும் தீனியைக் கண்டால் குதிரை வாய் வைக்கும். அதற்கு முழு விழிப்புத் தேவையில்லை. குதிரைக்கு உமிழ்நீர் மெல்லும்போதுதான் பெருகுகிறது. சரியாக மெல்லாத புல் போதிய ஈரமின்றி உருண்டையாகி, உணவுக்குழலில் அடைத்துக்கொள்கிறது. குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. அடைப்புக்கு மேலே தேங்கும் உமிழ்நீரும் தீனியும் மூக்குத்துளைகள் வழியே வடியும். சிறிது மூச்சுக்குழலில் இறங்கினாலும் நுரையீரலில் அழற்சி உண்டாகும். பல் அராவியதில் பிழைத்த குதிரை, அன்பாய்க் கொடுத்த புல்லால் மடிவதும் உண்டு.

"வேகவைத்த கொள்ளு மிருதுதானே?" என்று என்னிடம் வாதாடியவர்கள் உளர். மிருதுவானதையும் விழுங்கியாக வேண்டுமே!

ஆகவே ஊசி போடுமுன் வாயில் எஞ்சிய தீனியைக் கழுவிவிடுக. எட்டும் இடத்திலுள்ள புல்லை அகற்றுக. பலர் மறப்பது காலடியில் பரப்பிய வைக்கோலை. குதிரை அதையும் தின்னும். அள்ள இயலாவிடில் வாய்க்கூடை கட்டுக. மருந்துக்குத் தக்கபடி ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம், சிலபோது அதற்கு மேலும், காத்திருக்க வேண்டும். கடிகாரத்தைவிடக் குதிரையையே நம்புவேன் நான்: தலை நிமிர்ந்து, ஓசை வந்த பக்கம் காது திரும்பி, தள்ளாடாமல் நடக்கிறதா? முதலில் தண்ணீர், அதைச் செவ்வனே விழுங்கிய பிறகு நனைத்த புல் சிறிதளவு. முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவைக்கு முறை வேறு. அங்கே மருத்துவர் சொல்லே முடிவு.

கழுத்தை நீட்டி இருமி, மூக்கில் தீனி வடியக் கண்டால் தண்ணீரையும் தீனியையும் அப்புறப்படுத்தித் தலையைத் தாழவிட்டு மருத்துவரை அழையுங்கள். மூங்கிற்குழாயால் எண்ணெய் புகட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். அது நேரே நுரையீரலுக்கே போய்ச் சேரும்.