தந்தையின் வாளும் மகனின் கையும்



தொண்டைமானாறு கடலை அண்டி வாழும் ஊர். தந்தை வள்ளத்தைத் தள்ளும்போது கரையிலே நின்று பார்த்த சிறுவன், சில ஆண்டுகள் கழியத் தானும் ஒரு பக்கத்திலே தோள்கொடுத்துத் தள்ளுவான். இங்கே நீச்சலை வகுப்பு வைத்துக் கற்பித்தவர் எவரையும் நான் அறியேன். 1954ஆம் ஆண்டிலே பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி இவ்வூரவரே. ஆதலால், பெற்றோர் சென்ற வழியிற் பிள்ளைகள் செல்வது என்னும் பொருள் எங்களுக்குப் புதியதன்று. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கடலையன்று, வாளை.

அதற்குக் காரணம் ஒரு மாணவன். 2024ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளைத் தொலைக்காட்சியிலே கண்டுவிட்டு வந்த அவன், "ஐயா, வாள்வீச்சுக்காரரின் பிள்ளைகள்தானோ வாள்வீச்சிலே வெல்லுகிறார்கள்?" என்று கேட்டான். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றையே இப்பொழுது உங்களோடு பகிர்ந்துகொள்ளுகின்றேன்.

நமது நாட்டுக்கூத்திலே அரசர்கள் சுழற்றும் வாளை எண்ணிக்கொள்ள வேண்டாம். 14 மீற்றர் நீளமும், ஒன்றரை முதல் 2 மீற்றர் வரை அகலமும் உடைய ஒடுங்கிய தளத்திலே இருவர் எதிரெதிரே நிற்பர். வாள் மூவகைப்படும். ஃபாயில் என்பதனால் எதிரியின் நடுவுடலை முனையால் மட்டும் தொடலாம். எப்பே என்பதனால் தலை முதற் கால் வரை எவ்விடத்தையும் தொடலாம். சேபர் இடுப்புக்கு மேற்பட்ட உடலுக்கு உரியது. அதிலே முனையாற் குத்துவதோடு விளிம்பால் வெட்டுவதும் உண்டு. தொட்டது யார் என்பதை இக்காலத்தில் மின்விளக்குக் காட்டிவிடும்.

இக்கலையைக் கற்பிக்கும் முறைதான் என் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆசான் தடித்த மெத்தை போன்ற சட்டையொன்றை அணிந்து மாணவன் முன் நிற்பார். தம் வாளைச் சற்றே விலக்கி மார்பிலே ஓர் இடைவெளி காட்டுவார். மாணவன் அந்தக் கணத்திலே பாய்ந்து குத்தவேண்டும். பிந்தினாற் கதவு அடைபட்டுவிடும். தூரம் ஒரு சாண் பிழைத்தாலும் குத்து வீணாகும். இவ்வாறு நாள்தோறும், ஆண்டுக்கணக்காக, ஆசானின் உடலே மாணவனுக்குப் பாடப்புத்தகம். ஆசான் தந்தையுமாயின் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தந்தையைக் குத்திக் குத்தியே மகன் கற்கின்றான். மகன் சரியாகக் குத்தும்போது தந்தை மகிழ்கின்றார்.

அத்தகைய தந்தை ஒருவர் இத்தாலி நாட்டு மிலான் நகரிலே இருந்தார். ஜுசெப்பே மங்கியரொத்தி என்பது அவர் பெயர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கிலே எப்பே வாளேந்திப் போட்டியிட்டவர். பின்னர் வாளாசிரியராக விளங்கியவர். அவருடைய மைந்தருள் ஒருவரான எடோவார்டோ 1919ஆம் ஆண்டிலே பிறந்தார். இயல்பில் வலக்கையர். தந்தையோ வாளை அவருடைய இடக்கையிலே கொடுத்தார்.

இதைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். நான் இடக்கையனாகப் பிறந்தவன். என் சிறு பருவத்திலே ஆசிரியர் ஒருவர் அடிமட்டத்தால் விரல்களிலே தட்டித் தட்டி என்னை வலக்கைக்கு மாற்றினார். இன்றும் கரும்பலகையிலே நான் எழுதும் வரி வலப்புறம் சரிந்து இறங்கும், மாணவர் சிரிப்பர். எனக்கு நேர்ந்தது ஊர் வழக்கம். எடோவார்டோவுக்கு நேர்ந்தது கணக்கு. வலக்கையரே பெரும்பான்மையர் ஆதலால், வலக்கை வீரன் தன் பயிற்சியிலே இடக்கையனை அரிதாகவே சந்திக்கிறான். இடக்கையனோ நாள்தோறும் வலக்கையரோடு பொருது பழகியவன். போட்டிக் களத்திலே இருவரும் சந்திக்கும்போது ஒருவனுக்கு மட்டுமே எல்லாம் புதிதாகத் தோன்றும். தந்தை இதைக் கண்டறிந்திருந்தார்.

பயன் சிறிதன்று. எடோவார்டோ 17 வயதிலே, 1936ஆம் ஆண்டு பேர்லினிலே, குழுப் போட்டியிற் பொற்பதக்கம் பெற்றார். 1960ஆம் ஆண்டு வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளிலே 6 பொன், 5 வெள்ளி, 2 வெண்கலம் என 13 பதக்கங்களை ஈட்டினார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிலே எப்பே தனிப்போட்டியில் அவர் முதலிடம். இரண்டாமிடம் அவர் தமையனார் டாரியோவுக்கு. ஒரே வீட்டில், ஒரே ஆசானிடம் பயின்ற இருவர்!

இத்தனை வெற்றி வந்தமையால் அத்தந்தை செய்தது சரியாகிவிட்டது என்று நான் ஒப்பமாட்டேன். கைமாறியும் வெல்லாது போன பிள்ளைகளின் பெயரை எந்த ஏட்டிலும் நாம் காண்பதில்லையே. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவர் கையை மாற்றிவிட்டு அப்பாற் போய்விடவில்லை. அந்த இடக்கை தேறும் வரை எதிரே நின்றார். என் ஆசிரியர் அடிமட்டத்தை மேசையிலே வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

எடோவார்டோவின் மகள் கரோலாவும் வாளேந்தினார். தந்தையின் சிறப்புக் கருவி எப்பே. மகள் ஃபாயில் வாளைக் கைக்கொண்டு 1976, 1980ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளிலே இத்தாலிக்காகப் பொருதார். பதக்கம் வாய்க்கவில்லை. பாட்டனார் முதற் பேர்த்தி வரை மூன்று தலைமுறை ஒலிம்பிக் களம் கண்ட குடும்பம் அது.

ஹங்கேரி நாட்டிலே இதனினும் அடர்ந்த ஒரு குடும்பத்தைக் காணலாம். சேபர் வீரர் அலடார் கெரெவிச் 1932ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டு வரை ஆறு ஒலிம்பிக் போட்டிகளிலே குழுப் பொற்பதக்கம் பெற்றவர். இடையிலே போர்க்காலத்தில் இரு போட்டிகள் நடைபெறாது போயின. 1960இல் அவருக்கு வயது 50. முதியவர் என்று ஒதுக்க முனைந்தபோது, தெரிவாகியிருந்த வீரர் அனைவரையும் ஒவ்வொருவராக அழைத்துப் பொருது வென்று குழுவிலே இடம்பெற்றார் என்று கூறுவர். அவர் மனைவி எர்னா போகன் 1932இல் ஃபாயில் வெண்கலம் பெற்றவர். எர்னாவின் தந்தை ஆல்பெர்ட் போகன் 1912இல் ஆஸ்திரியக் குழுவோடு சேபர் வெள்ளி பெற்றவர்.

இத்தகைய வீட்டிலே 1948ஆம் ஆண்டு பால் கெரெவிச் பிறந்தார். அதே ஆண்டிலேதான் தந்தை லண்டனிலே தனிப்போட்டிப் பொன்னை வென்றார். பிள்ளைக்குத் தொட்டிலிலேயே ஒரு சுமை காத்திருந்தது என்பேன். பாலும் சேபர் வீரரானார். உலகப் போட்டியிலே ஹங்கேரிக் குழுவோடு வாகை சூடினார். ஒலிம்பிக்கிலே அவருக்குக் கிடைத்தவை 1972லும் 1980லும் பெற்ற இரு குழு வெண்கலங்கள். வேறெந்த வீட்டிலும் அவ்விரண்டும் பெரும் புதையல். தந்தையின் ஏழு பொன் தொங்கும் சுவரிலே அவற்றை எங்கே மாட்டுவது?

சில வீடுகளிலே நிலைமை மறுதலையாகும். அமெரிக்கரான கிரெக் மசியாலஸ் 1984, 1988ஆம் ஆண்டுகளிலே ஃபாயில் வாளோடு ஒலிம்பிக் சென்று பதக்கமின்றித் திரும்பினார். மகன் அலெக்சாண்டரை அவரே பயிற்றினார். மகன் 2016ஆம் ஆண்டு ரியோவிலே தனிப்போட்டி வெள்ளி வென்றார்.

இனி நம் பக்கம் வருவோம். சென்னை வண்ணாரப்பேட்டையிலே பள்ளி மாணவியாயிருந்த பவானி தேவி விளையாட்டொன்றிலே சேர விரும்பியபோது, மற்றைய விளையாட்டுகளுக்கெல்லாம் இடம் நிரம்பி, எஞ்சியிருந்தது வாள்வீச்சு ஒன்றே. தொடக்கத்திலே மூங்கிற் கழிகளைக் கொண்டே பழகினார். தந்தை கோயில் அர்ச்சகர். அவ்வீட்டிலே வாளைக் கண்டவர் எவருமிலர். தாயார் மகளின் செலவுக்காக நகைகளை அடகு வைத்தார். 2021ஆம் ஆண்டிலே நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலே சேபர் வாளோடு களம் புகுந்த பவானி தேவி, ஒலிம்பிக் வாள்வீச்சிலே கலந்துகொண்ட முதல் இந்தியர். முதலாட்டத்தை 15க்கு 3 என வென்று, அடுத்த ஆட்டத்திலே பிரான்சு நாட்டு வீராங்கனையிடம் 7க்கு 15 எனத் தோற்றார்.

கேள்வி கேட்ட மாணவனை அழைத்து இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அவனுடைய தந்தை வலை இழுப்பவர். முடிவிலே, "ஐயா, 14 மீற்றர் என்றால் எவ்வளவு தூரம்?" என்றான். விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் நாடாவைக் கேட்டு வாங்கி, மண்டபத்துக்குப் பின்னுள்ள மணலிலே இருவருமாக அளந்து கோடு கீறினோம். மறுநாட் காலையிலே போய்ப் பார்த்தேன். கோட்டின் இரு முனையிலும் சிறு காலடிகள் நிறைந்திருந்தன; பூவரசங் கம்பு இரண்டும் அருகிலே கிடந்தன.