கூண்டினுள் ஒளித்திரை

மலாய் மொழியிலே 'ஓராங்' என்பது மனிதனையும் 'ஊத்தான்' என்பது காட்டையும் குறிக்கும். போர்ணியோ, சுமாத்திராத் தீவுகளில் வாழும் அந்தக் 'காட்டு மனிதன்' தன் பகற்பொழுதின் பெரும்பகுதியை உணவு தேடுவதிலே கழிக்கின்றான். எந்த மரம் எக்காலத்திற் பழுக்கும் என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும். மாலையானதும் கொப்புகளை வளைத்துப் படுக்கை அமைத்தல் வேண்டும். சுமாத்திராவிலே சில ஓராங் ஊத்தான்கள் குச்சியைக் கருவியாகக் கொண்டு மரப்பொந்திலுள்ள தேனையும் எடுப்பதுண்டு.

இத்தகைய பிராணியை மிருகக்காட்சிச்சாலையில் அடைத்து, வேளாவேளைக்கு உணவை முன்னே வைத்துவிட்டால், எஞ்சிய பொழுதில் அது என் செய்யும்? அடைபட்ட வாலில்லாக் குரங்குகள் தம் உரோமத்தைத் தாமே பிடுங்குவதும், உண்டதைக் கக்கி மீண்டும் உண்பதும் நேயர்களுட் சிலர் அறிந்ததே.

கயிறும் டயரும் கொடுப்பது பழைய வழக்கம். கணினி பின்னர் வந்தது. ஜப்பானிலே கியோத்தோப் பல்கலைக்கழகத்தார் 1978இல் 'ஆய்' என்னும் சிம்பன்சியைக் கொண்டு ஆராய்ச்சி தொடங்கினர். அதன் மகன் அயுமு, திரையிலே சிதறித் தோன்றும் 1 முதல் 9 வரையான இலக்கங்களுள் முதலாவதைத் தொட்டதும் ஏனையவை மறைந்துவிட, அவை இருந்த இடங்களை வரிசை பிசகாது தொட்டுக் காட்டியது. இச்செய்தி 2007இல் வெளியாயிற்று.

அது ஆராய்ச்சிக்கூடம். காட்சிச்சாலையிலோ வேறொரு சங்கடம் உண்டு. ஓராங் ஊத்தானின் கையிற் கொடுத்த கைக்கணினி நொறுங்கிவிடும். ஆகவே காவலர் கம்பிவலைக்கு வெளியே அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். காவலருக்கு ஓய்வு கிடைத்தாற்றான் குரங்குக்கு விளையாட்டு!

மெல்போர்ன் மிருகக்காட்சிச்சாலையும் அந்நகரப் பல்கலைக்கழகமும் 2016இல் இதற்கொரு வழி கண்டன. ஒளியெறி கருவியைக் கூண்டிற்கு வெளியே அமைத்து, உருவங்களை உள்ளே தரையில் விழச்செய்தனர். வீட்டு விளையாட்டுக்கென ஆக்கப்பட்ட 'கினெக்ட்' என்னும் உணர்கருவி, பிராணி அவ்வுருவத்தைத் தொடுவதை அறிந்து விடையிறுத்தது. கையாற்றான் தொடும் என்று நாம் எண்ணுவோம். மாலு என்ற ஓராங் ஊத்தானோ நகர்ந்து திரிந்த செந்நிறப் புள்ளியை உதட்டால் முத்தமிட்டது. புள்ளி வெடித்து மறைந்தது.

இதிலே பயன் தருவது படமன்று. தன் செயலால் ஒன்று நிகழ்கின்றது என்ற அனுபவமே. காட்டிலே நாள்முழுதும் தானே தீர்மானித்து வாழும் பிராணிக்குக் கூண்டிலே தீர்மானிக்க எதுவுமில்லை. ஆதலின், விரும்பினால் வரவும் விரும்பாவிடின் விலகவும் அதற்கு இடமிருத்தல் வேண்டும். பார்வையாளரின் கைதட்டலுக்காக ஏற்றப்படும் திரை, என் எண்ணத்தில், சர்க்கஸ் வித்தையே. மேலும், மரம் நடும் செலவை மிச்சப்படுத்த ஒளித்திரையை வாங்கும் நிருவாகிகள் தோன்றவுங்கூடும். ஏறுவதற்கு உயரமும், மாலையிற் படுக்கை கட்டக் கொப்பும் இலையும் அந்தத் திரை தரமாட்டாது.