நாய்களின் வலிப்பு நோயும் மருந்துச் சிகிச்சையும்

நாய்களிடையே காணப்படும் நாட்பட்ட நரம்பு நோய்களுள் வலிப்பு நோய் முதன்மையானது. நின்றுகொண்டிருக்கும் நாய் திடீரெனச் சாய்ந்து விழும். கால்கள் விறைத்து உதறும். வாயில் நுரை தள்ளும். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். மூளையின் நரம்பணுக்கள் ஒரே வேளையில் கட்டுக்கடங்காது மின்துடிப்புகளை வெளியிடுவதே இதற்குக் காரணமாகும்.

நோயை உறுதி செய்தல்

வலிப்புக் கண்ட நாய்கள் அனைத்தும் வலிப்பு நோய் உடையவை அல்ல. டிஸ்டம்பர் என்னும் நச்சுயிரி நோய், பூச்சிமருந்து நஞ்சு, இரத்தச் சர்க்கரைக் குறைவு, கல்லீரல் கோளாறு ஆகியவற்றாலும் வலிப்பு வரலாம். நம் நாட்டில் வெறிநோயையும் மனத்திற்கொள்ள வேண்டும். தடுப்பூசி போடாத நாயின் வாயில் கை வைத்தல் ஆகாது. வேறு காரணம் எதுவும் புலப்படாத வலிப்பு நோய், பெரும்பாலும் 6 மாதம் முதல் 6 வயதுக்குள் தொடங்குகிறது.

மருந்து தொடங்கும் காலம்

ஒரேயொரு முறை வந்த வலிப்புக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை. ஆறு மாதங்களுக்குள் இரண்டோ அதற்கு மேலோ வலிப்புகள் வந்தாலும், 24 மணி நேரத்திற்குள் மீண்டும் மீண்டும் வந்தாலும், ஒரு வலிப்பு ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும் சிகிச்சையைத் தொடங்குதல் வேண்டும்.

மருந்துகள்

மனிதருக்கு 1912 முதல் பயன்பட்டு வரும் பினோபார்பிடோன், நாய்களுக்கும் முதல்நிலை மருந்தாக விளங்குகிறது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 2 முதல் 3 மி.கி. வீதம் 12 மணிக்கொரு முறை தொடங்குவது வழக்கம். இரத்தத்தில் இதன் அளவு நிலைபெற ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகும். நாளடைவில் கல்லீரல் இம்மருந்தை விரைவாகச் சிதைக்கப் பழகிவிடுவதால், அதே அளவு மருந்து கொடுத்தும் வலிப்பு மீண்டும் தலைகாட்டலாம். எனவே இரத்தத்தில் மருந்தின் அளவையும் கல்லீரலின் நிலையையும் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையேனும் சோதித்தல் நலம். தொடக்கத்தில் மயக்கமும் தள்ளாட்டமும் தோன்றி மறையும். மிகுந்த பசியும் தாகமும் நீடிக்கலாம்.

பொட்டாசியம் புரோமைடு சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால் கல்லீரல் பழுதுற்ற நாய்களுக்கு ஏற்றது. அதன் அளவு நிலைபெற மூன்று மாதங்கள் வரை ஆகலாம். உணவில் உப்பு கூடினால் மருந்து விரைந்து வெளியேறி வலிப்பு திரும்பும். ஆகவே உணவை அடிக்கடி மாற்றலாகாது. லெவடிராசிடம் விரைவில் வெளியேறுவதால் 8 மணிக்கொரு முறை கொடுக்கப்படுகிறது. மனிதருக்குப் பயன்படும் பெனிடாயின், நாயின் உடலில் மிக விரைவாகச் சிதைந்துவிடுவதால் தொடர் சிகிச்சைக்குப் பயன்படுவதில்லை. மனிதருக்கான மாத்திரையைத் தாமாகவே நாய்க்குக் கொடுப்பது ஏன் தவறு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

உரிமையாளர் கடமை

மருந்துகள் நோயை அடக்குமேயன்றி அறவே நீக்குவதில்லை. சில மாதங்கள் வலிப்பின்றி இருப்பதைக் கண்டு குணமாகிவிட்டதெனக் கருதி மருந்தைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு கடுமையாகத் திரும்பி உயிரையே பறிக்கக்கூடும். குறைக்க வேண்டுமாயின் மருத்துவர் மேற்பார்வையில் பல மாதங்களில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். வலிப்பு வந்த நாள், நேரம், நீடித்த அளவு ஆகியவற்றைக் குறித்து வைப்பது மருத்துவருக்குப் பேருதவியாகும்.

பினோபார்பிடோன் 1971ஆம் ஆண்டின் பன்னாட்டு மனமயக்கப் பொருள் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆயினும் அது விலை குறைந்த மருந்து. கால்நடை மருத்துவமனைகளில் அது இடையறாது கிடைப்பதும், இரத்தச் சோதனை வசதி அமைவதும் உறுதி செய்யப்பட்டால், நோயுற்ற நாய்கள் பலவும் இயல்பான வாழ்வை வாழ இயலும்.