தாய்வழி இறங்கும் பார்வைக் குறை

ஒரு குடும்பக் கொடிவழியை வரைந்து பாருங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்; பார்வை இழந்தவருக்குக் கறுப்பு மை.

1871-இல் லெபர் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த நோயானால் ஒரு விந்தை புலப்படும். பெரும்பாலும் 15-35 வயதில், வலியின்றி, ஒரு கண்ணும் பின்னர் மறு கண்ணும் மங்கும். கறுத்தவற்றில் சதுரங்களே மிகுதி. ஆயினும் எந்தச் சதுரத்திலிருந்தும் நோய் கீழே இறங்காது. வட்டங்களின் வழியே மட்டும் இறங்கும்!

குறை உயிரணுவின் உட்கருவில் இல்லை; அதன் மின்நிலையமாகிய மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. நமக்கு அதைத் தருவது தாயின் கருமுட்டையே. 1988-இல் அதன் மரபுப் பொருளில் பிழை கண்டுபிடிக்கப்பட்டது.

ஆகவே பார்வை இழந்த மாமனின் பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை (அவர் அக்காள் மகளையே மணந்திருந்தால் கதை வேறு). அவருடைய உடன்பிறந்தாளின் மக்களோ, கண் நன்றாயிருக்கும்போதே, புகைபிடிப்பதைத் தவிர்க்க வேண்டும். புகை இந்நோயைத் தூண்டும்.